சிங்கபுரமும் சோழர் பெருமையும்



சிங்கப்பூரின் பழம்பெயர் துமாசிக். பலெம்பாங்கிலிருந்து வந்த ஸ்ரீ திரி புவனா என்னும் இளவரசர் அங்கே சிங்கமொத்த விலங்கைக் கண்டு, அத்தீவுக்குச் 'சிங்கபுரம்' எனப் பெயரிட்டார் என்று 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல் கூறுகிறது. அவருடைய முன்னோருள் ஒருவராக 'ராஜா சூலான்' என்ற மன்னரையும் அது குறிக்கிறது. அப்பெயரிலே சோழரின் நினைவு ஒலிப்பதாக அறிஞர் பலர் கருதுவர். 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரம் வென்றதை நாம் அறிவோம்.

இதனைக் கொண்டு, "சிங்கப்பூரை உருவாக்கியவன் தமிழனே" என்று பிள்ளைகளிடம் கூறுவோர் நம்மிடையே உளர். அது முறையன்று. அந்நூலின் கதைப்படி, சீனத்தை வெல்லப் புறப்பட்ட ராஜா சூலான், துமாசிக்கில் சீனக் கிழவர்களின் தந்திரத்தால் ஏமாந்து திரும்புகிறார்!

கதை வேறு, சான்று வேறு. அத்தீவில் சிங்கம் வாழ்ந்ததில்லை. ஆயினும் 14-ஆம் நூற்றாண்டில் அங்கே துறைமுகம் செழித்திருந்தது உறுதி. சீனப் பயணி வாங் தாயுவான் அதனைப் பற்றி எழுதியுள்ளார். கேனிங் கோட்டைக் குன்றில் 1984-இல் தொடங்கிய அகழாய்வு, சீனப் பீங்கான் ஓடுகளையும் கண்ணாடி மணிகளையும் வெளிக்கொணர்ந்தது.

மலாய் அரசமரபு சோழரை முன்னோராகப் போற்றியது நமக்குப் பெருமையே. ஆனால் அவர்கள் எழுப்பிய நகரம் அவர்களுடையது. பிறர் வரலாற்றைப் பறித்து நம் புகழை வளர்க்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் "சான்று யாது?" என வினவப் பழகட்டும், அவ்வினாவைத் தமிழிலேயே வினவட்டும்!