அகவைப் பந்தி

பொருநைக் கரையிலுள்ள சேரன்மாதேவியைத் தமிழுலகம் மறவாது. இங்கு நடந்த வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பார்ப்பன மாணவர் இருவர்க்குத் தனியே உணவு படைத்தனர். 1924-25 ஆண்டுகளில் வரதராசுலுவும் பெரியாரும் அதனை எதிர்த்துக் கொதித்தெழுந்தனர். ஒரு பந்தியைப் பிறப்பால் இரண்டாக்கியதே அன்றைய குற்றம். இன்று தில்லியரசு மருத்துவக் காப்பீட்டில் ஒரு பந்திப் பிரிவினை செய்துள்ளது. இஃது அகவையால் ஆகியது!

2024 அக்டோபர் முதல், 70 அகவை நிரம்பிய எவர்க்கும், வருவாய் பாராது, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலக்கம் உருவா வரை மருத்துவம் உண்டாம். நன்று, கொடுத்ததைக் குறை கூறோம். ஆனால் 69-இல் நெஞ்சடைப்பு வந்தவர் என் செய்வார்? ‘ஓராண்டு பொறுத்து வா’ என நோய்க்கு ஓலை விடுப்பாரோ?

2007-இல் தில்லி இயற்றிய மூத்தகுடிமக்கள் சட்டம் 60-ஐயே முதுமையின் வாயிலாகக் கொண்டது. தமிழக அரசுப் பணியாளர்க்கும் 60-இல் ஓய்வு. வீட்டுக்குப் போ என்பதற்கு 60. மருந்துக்கு வா என்பதற்கு 70! இடைப்பட்ட 10 ஆண்டுகள் எவர் பொறுப்பு?

‘தமிழக அரசின் காப்பீடு உண்டே’ என்பர். உண்டு, அதற்கு அகவை வரம்பில்லை. ஆயின் குடும்ப ஆண்டு வருவாய் 1,20,000 உருவாவைத் தாண்டலாகாது. அஃதாவது திங்களுக்குப் பத்தாயிரம். பீடி சுற்றி முதுகு வளைந்த தாயின் மகன் கடைச் சிற்றாளாய்ப் பன்னீராயிரம் ஈட்டினால், அத்தாய் செல்வச் சீமாட்டியாகி விடுகின்றாள்!

‘கருவூலம் தாங்காது’ என்பது அடுத்த சாக்கு. 62-இல் அறுத்தகற்ற வேண்டிய கட்டியை 70 வரை வளரவிட்டுப் பின் பணத்தைக் கொட்டுவது எவ்வகைச் சிக்கனம்? 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே வரம்பை 60-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்ததே!

பெயரைப் பாருங்கள்: ‘ஆயுசுமான் வய வந்தனா’ அட்டை! அகவைக்கு வணக்கமாம். வணக்கம் வடமொழியில்; கதவடைப்பு அறுபதில்!

மருத்துவத்திற்கு நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறு வகுத்தார் வள்ளுவர். பிறந்த ஆண்டை ஐந்தாம் கூறாக வைத்தாரிலர்.

தமிழ் மக்களே! 60 நிரம்பிய அனைவர்க்கும், வருவாய் வரம்பின்றி, தமிழ்ப்பெயர் தாங்கிய மருத்துவக் காப்பு வேண்டுமெனக் கேளுங்கள். அது நம் வரிப்பணம். தனிப்பந்தியை அன்று பொறாத நாம் இன்று மட்டும் பொறுப்பதோ?