நாகரிகம் யார் வீட்டுச் சொத்து?

மேற்கத்திய நாகரிகத்துக்கு ஏதென்ஸ்தான் தாய்வீடாம். அங்கே அடிமைக்கும் பெண்ணுக்கும் ஓட்டு கிடையாது. பிறகு 'மேற்கு' என்றால் சிலுவை என்றார்கள்; காலனி பிடித்ததும் வெள்ளைத்தோல் என்றார்கள். ஆள்கிறவன் வசதிக்கு அர்த்தம் மாறிக்கிட்டே இருக்கு.

நம்ம வைகைக்கரையில் கீழடி. 2,600 ஆண்டுப் பழமை என்று 2019இல் அரசு அறிக்கை சொன்னது. செங்கல் கட்டுமானம், பானையில் எழுத்து. 'தமிழன் நாகரிகம்' என்று மார்தட்டுகிறார்கள். அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்டவன் யாரு? அதைக் கேட்டா மூச்சில்லை.

உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுப்பியதும் சுவர்தான். 2008இல்தான் அதில் ஒரு பகுதி இடிந்தது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு தலித்துகளை வெட்டிச் சாய்த்தார்கள். தேர்தலில் நின்று ஜெயிச்சதுதான் குற்றம்.

தோழர்களே, கீழடி நமக்கும் பாத்தியப்பட்டதுதான். ஆனால் மண்ணுக்கடியில் சாதி இல்லை என்கிறவன், முதலில் மண்ணுக்கு மேலே கணக்குச் சொல்லட்டும்!