76, ஸ்ட்ரௌட் கிரீன் சாலை

பிரிட்டனில் குடியேறிய கறுப்பின மக்களின் குரலாக ‘வெஸ்ட் இண்டியன் கெஜட்’ என்ற மாத இதழ் 1958 மார்ச்சில் வரத் தொடங்கியது. லண்டன் பிரிக்ஸ்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடிதான் அதன் அலுவலகம். ஆசிரியர் கிளாடியா ஜோன்ஸ் 1915-இல் டிரினிடாடில் பிறந்தவர். சிறுமியாகவே நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் போய், அங்கே கம்யூனிஸ்ட் கட்சியில் எழுத்தாளராகவும் அமைப்பாளராகவும் வளர்ந்தார். அந்தக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்துவிட்டு, 1955-இல் நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்து சேர்ந்தார்.

இதழ் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் கரீபியர்களைத் தெருவிலும் வீட்டிலும் தாக்கின. கெஜட்டின் பதில் தலையங்கத்தோடு நிற்கவில்லை. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியக் கார்னிவலை இதழே நடத்தியது. பிபிசி அதை ஒளிபரப்பியது. கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு விழா மலரின் வருவாயில் ஒரு பங்கு போகும் என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதில் கறுப்பு இளைஞர்களோடு வெள்ளை இளைஞர்களையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பற்றிப் பிற்கால வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. 1964 டிசம்பரில் ஜோன்ஸ் இறந்தார். ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். அவர் இல்லாமல் இதழ் சில மாதங்களே தாக்குப்பிடித்தது. ஒரே ஆளின் தோளில் நிற்கும் இதழின் கதி இதுதான் என்பதைச் சிற்றிதழ் நடத்தியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர்கள் இதைப் பார்த்துப் பாடம் படித்தார்களோ இல்லையோ, வேறு மாதிரி தொடங்கினார்கள். டிரினிடாடின் எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புள்ள கவிஞர் ஜான் லா ரோஸும் அவருடைய துணைவி சாரா வைட்டும் 1966-இல் தங்கள் குடியிருப்பிலேயே நியூ பீக்கன் பதிப்பகத்தை ஆரம்பித்தார்கள். பெயர், 1930-களில் டிரினிடாடில் வந்து நின்றுபோன ‘பீக்கன்’ என்ற சிற்றிதழின் நினைவாக வைத்தது. அதே ஆண்டு லா ரோஸ், எழுத்தாளர்கள் கமாவ் பிராத்வெய்ட், ஆண்ட்ரூ சால்கி மூவரும் கரீபியக் கலைஞர் இயக்கத்தைத் தோற்றுவித்தார்கள். அந்தக் கூட்டங்களில் ஒரு மேசை போட்டுப் புத்தகம் விற்றதே நியூ பீக்கனின் முதல் கடை. லண்டன் ஸ்ட்ரௌட் கிரீன் சாலையில் கடைக்கென்று 76-ஆம் எண் கட்டடம் 1973-இல்தான் வந்தது.

நியூ பீக்கன் செய்தவற்றில் மிக முக்கியமானது மறுபதிப்பு. ஆங்கில வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் அந்தோனி ஃப்ரூட் 1888-இல் கரீபியத் தீவுகளைப் பற்றி ஒரு பயண நூல் எழுதினார். கறுப்பின மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி கிடையாது என்பது அதன் சாரம். ஜே. ஜே. தாமஸ் என்ற டிரினிடாட் பள்ளி ஆசிரியர் 1889-இல் ‘ஃப்ரூடாசிட்டி’ என்ற நூலில் வரிக்கு வரி மறுப்பு எழுதினார். ஃப்ரூட் என்ற பெயரையும் துணிச்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த கேலி அந்தத் தலைப்பு. தாமஸ் அதே ஆண்டு லண்டனில் இறந்துபோனார். நூலும் மெல்ல மறைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1969-இல், நியூ பீக்கன் அதை மீண்டும் அச்சிட்டது. தங்களுக்கு முன்னால் யாரும் எழுதவில்லை என்று நம்பவைக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு, முப்பாட்டன் காலத்திலேயே ஒருவர் எதிர்த்து எழுதியிருக்கிறார் என்ற செய்தி புதுக் கவிதைத் தொகுப்பு எதையும்விடப் பெரிது.

அதே 1969-இல் லா ரோஸ் வீட்டில், டிரினிடாட் சிந்தனையாளர் ஜார்ஜ் பேட்மோரின் பெயரில் ஒரு துணைப்பள்ளி தொடங்கியது. லண்டன் பள்ளிகளில் கரீபியக் குழந்தைகளைக் ‘கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள்’ என்று முத்திரை குத்தித் தனிப்பள்ளிகளுக்குத் தள்ளும் வழக்கம் அப்போது இருந்தது. வெள்ளை நடுத்தர வர்க்கக் குழந்தைக்காகச் செய்த அறிவுத் தேர்வுகளும், கரீபியப் பேச்சு வழக்கைப் பிழையான ஆங்கிலமாகவே கேட்ட காதுகளும் இதற்குக் காரணம். அப்படிப்பட்ட பள்ளிகளில் பாடம் நடத்திய கிரெனடாக்காரர் பெர்னார்ட் கோர்ட் 1971-இல் இதை ஒரு சிறு நூலாக எழுத, கரீபியக் கல்வி, சமூகப் பணியாளர் சங்கத்துக்காக நியூ பீக்கன் வெளியிட்டது. அறிஞர்களைவிடப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதிய நூல் அது. பள்ளிக்குப் போய்க் கேள்வி கேளுங்கள், சனிக்கிழமைப் பள்ளிகளைத் தொடங்குங்கள் என்றது. நகரம் நகரமாக வீட்டுக் கூடங்களிலும் தேவாலய அறைகளிலும் அத்தகைய பள்ளிகள் பெருகின. கோர்ட் பிற்பாடு கிரெனடாவின் துணைப் பிரதமராகி, அங்கே 1983-இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின் ரத்தக்களரியில் சம்பந்தப்பட்டு நீண்ட காலம் சிறையில் கிடந்தது தனிக் கதை. அதனால் அந்த நூலின் நியாயம் குறைந்துவிடவில்லை.

கயானாவிலிருந்து வந்த ஜெசிகா, எரிக் ஹண்ட்லி தம்பதியரின் போகில்-லூவெர்ச்யூர் பதிப்பகமும் இதே காலத்தது. வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னியை ஜமைக்கா அரசு 1968-இல் நாட்டுக்குள் விட மறுத்தது. அவருடைய உரைகளை 1969-இல் நூலாக்கியதே இவர்களின் முதல் வெளியீடு.

தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள கிளை ஒன்றும் இதில் உண்டு. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அ. சிவானந்தன் 1958 இலங்கை இனக்கலவரத்துக்குப் பின் லண்டன் வந்தார். வந்த வேளையில் நாட்டிங் ஹில் கலவரம். 1964-இல் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகர் ஆனார். பெருநிறுவனங்களும் அறக்கட்டளைகளும் பணம் கொடுத்து நடத்திய அமைப்பு அது. கறுப்பின மக்களை ஆராய்ச்சிப் பொருளாகப் பார்த்ததே தவிர அவர்கள் பக்கம் நின்றதில்லை. 1972-இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் வாக்கெடுப்பில் நிர்வாகத்தைத் தோற்கடித்தார்கள். புதிய மன்றத்துக்குத் தலைமை ஏற்றவர் லா ரோஸ். சிவானந்தன் 1973-இல் இயக்குநரானார். பணம் கொடுத்தவர்கள் விலகிக்கொள்ள, நிறுவனம் எளிய இடத்துக்கு மாறியது. அதன் ஆய்விதழ் 1974-இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. நிறுவனத்தின் இன்னோர் இதழான ‘ரேஸ் டுடே’ டார்கஸ் ஹவ் ஆசிரியப் பொறுப்பில் தனியாகப் பிரிந்து பிரிக்ஸ்டனுக்குப் போனது. கறுப்பு என்ற சொல்லைத் தோலின் நிறமாகக் கொள்ளாமல் அரசியல் நிறமாகக் கொண்டு, ஆப்பிரிக்கரையும் கரீபியரையும் ஆசியரையும் அதற்குள் சேர்த்துப் பேசியவர்களில் சிவானந்தன் முதன்மையானவர். பிற்காலத்தில் அந்த ஒற்றுமை இன, சமய, தேச வாரியாகச் சிதறியதை அவர் கடுமையாக விமர்சித்தார். ஈழத்தின் மூன்று தலைமுறைக் கதையான அவருடைய நாவல் 1997-இல் வந்தது.

1981 ஜனவரி 18 அதிகாலை, லண்டன் நியூ கிராஸ் சாலையில் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் மாண்டார்கள். இனவெறித் தாக்குதல் என்று சமூகம் சந்தேகித்தது. காவல்துறை விசாரித்த விதம் ஆத்திரத்தை வளர்த்தது. ஆட்சியாளர்களிடமிருந்து இரங்கல்கூட உடனே வரவில்லை. லா ரோஸ் தலைமையில் நடவடிக்கைக் குழு அமைந்தது. மார்ச் 2, வேலை நாளான திங்கட்கிழமை, ஏறத்தாழ 20,000 பேர் லண்டன் நடுவே ஊர்வலம் போனார்கள். நாளேடுகளின் தெருவான ஃப்ளீட் தெரு வழியாகவும் அது சென்றது. அவ்வளவு பேரைத் திரட்டிய வலைப்பின்னல் ஒரு மாதத்தில் முளைத்ததாக நினைத்தால் தவறு. புத்தகக் கடை, சனிக்கிழமைப் பள்ளி, இதழ் என்று பல ஆண்டுகளாகப் பின்னியது அது. தீ எப்படிப் பிடித்தது என்பதில் 1981, 2004 ஆகிய இரண்டு மரண விசாரணைகளும் முடிவு எதையும் சொல்லாமல் விட்டன. யார் மீதும் வழக்கு இல்லை.

நியூ பீக்கன், போகில்-லூவெர்ச்யூர், ரேஸ் டுடே மூன்றும் சேர்ந்து 1982-இல் ஒரு சர்வதேசப் புத்தகக் காட்சியைத் தொடங்கின. டிரினிடாட் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் திறந்துவைத்தார். 1995 வரை 12 காட்சிகள் நடந்தன.

லா ரோஸ் 2006-இல் மறைந்தார். நியூ பீக்கன் கடை மூடப்போகிறது என்று 2016 இறுதியில் செய்தி வந்தபோது, வாசகர்களே பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் கட்டடத்திலேயே 1991-இல் நிறுவிய ஜார்ஜ் பேட்மோர் ஆவணக்காப்பகம் இருக்கிறது. பெற்றோர் குழுக்களின் கூட்டக் குறிப்புகளும் நியூ கிராஸ் நடவடிக்கைக் குழுவின் துண்டுப்பிரசுரங்களும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் யாரும் பார்க்கலாம்.