குற்றம் சொன்னாலே குற்றவாளியா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அனுமதி இல்லாம தங்கியிருக்கிறவர் மேல் திருட்டுக் குற்றம் சுமத்தினாலே, கடையில் சின்னப் பொருளை எடுத்தார்னு கைது செய்தாலே, தீர்ப்புக்கு முன்னாடியே அடைச்சு வைக்கணும். இதைக் கோயில் குழுவில் போட்டு, "இங்கேயும் இப்படித்தான் செய்யணும், தேக்கா சுத்தமாயிடும்"னு சிலர் எழுதுறீங்க. கைதட்டுற படம் வேற.

சிங்கப்பூர் சட்டம் இளகினதுன்னு யார் சொன்னது? அனுமதி முடிஞ்சு 90 நாளுக்கு மேல் தங்கினா 6 மாதம் வரை சிறை, குறைஞ்சது 3 பிரம்படி. அதை நாங்க குறை சொல்லல. ஆனா அதுக்கும் நீதிபதி முன்னாடி நிறுத்தித்தான் தண்டனை.

2013 டிசம்பர் 8, ஞாயிறு ராத்திரி நம்ம யாருக்கும் மறக்காது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். பிறகு கலவரம். ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டியெல்லாம் எரிஞ்சது. செஞ்சது தப்பு, பெரிய தப்பு. 25 பேர் மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சரி. ஆனா இன்னும் 57 பேரை வழக்கே இல்லாம ஊருக்கு அனுப்பினாங்க. அந்த 57 பேரும் நல்லவங்கன்னு நாங்க சொல்லல. அதில் ஒருத்தர் சும்மா வேடிக்கை பார்த்து நின்னவரா இருந்தா, அதை அவர் எங்கே போய்ச் சொல்வார்? வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டின கடன் மட்டும் அவர் தலையில்.

"எல்லாரையும் விசாரிச்சா செலவு யாருது?"ன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். விசாரிக்காம விட்டா அந்தச் செலவையும் அந்த ஏழைதான் கட்டுறான்.

நாங்களும் யோக்கியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தில் ஒரு அக்காவின் பர்ஸ் காணோம். பக்கத்தில் சாப்பிட்டுக்கிட்டிருந்த ஊழியர் தம்பியை எல்லாரும் பார்த்தாங்க. தொண்டர்கள் நாங்களே அவர் பையைக் கொட்டிப் பார்த்தோம். ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டில், விபூதிப் பொட்டலம். பர்ஸ் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில் கிடந்தது. அந்தத் தம்பி பாதிச் சோற்றை வச்சிட்டு எழுந்து போனார். திரும்ப வரவே இல்லை. அன்னைக்குப் போலீஸைக் கூப்பிட்டிருந்தா? நீங்க கேக்குற சட்டம் இருந்திருந்தா, பர்ஸ் கிடைக்கும்போது அவர் கம்பிக்குப் பின்னாடி இருந்திருப்பார்.

கோவலனும் பிழைக்க ஊர்விட்டு ஊர் போனவன்தான். பொற்கொல்லன் சொன்னான், ராஜா விசாரிக்கல. மதுரை எரிஞ்சது. நம்ம பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டு, போனில் எதுக்குக் கைதட்டுறோம்?

தப்பு செஞ்சவனை விடச் சொல்லல. கேட்டுட்டுத் தண்டிங்கன்னுதான் சொல்றோம். நம்ம தாத்தா பாட்டனும் கப்பலேறி வந்தவங்கதான்.

அடுத்த ஞாயிறு தொண்டுக்கு வாங்க. இலை போடுறப்போ எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்துப் பரிமாறுங்க. அம்மன் எல்லாருக்கும் பொது.

ஓம் சக்தி.