ராகிங் செய்யவில்லை, அவ்வளவுதான்

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொள்ளும். 2018இல் 97.05 சதவீதம், 2023இல் 97.85 சதவீதம் என்று மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம். அந்தப் பிள்ளைகளில் பலர் ஜூலையில் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். தீபாவளி கழிந்து முதல் செமஸ்டர் எழுத அவர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று யாரும் ரிசல்ட் போடுவதில்லை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் கல்லூரிகளில் அவர்களுக்கு இரண்டு வருடம் முன்னால் படிக்கிற நாமும் அந்தக் கணக்கைக் கேட்டதில்லை.

கேட்டால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "நாங்க ராகிங் எல்லாம் பண்றதில்ல." உண்மைதான். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவசியமான சட்டம். ஆனால் ஜூனியருக்குத் தொல்லை கொடுக்காதே என்று சொன்னதை, ஜூனியர் பக்கமே திரும்பாதே என்று நாம் வசதியாகப் புரிந்துகொண்டோம்.

ஏற்பாடு என்னவோ இருக்கிறது. ஆசிரியருக்கு டியூட்டர்-வார்டு பட்டியல், நமக்கு மென்டார் என்ற பட்டம். நாக் தரமதிப்பீட்டுக்குக் காட்ட ஃபைலும் உண்டு. ஃப்ரெஷர்ஸ் டே அன்று ரோஜாப்பூவும் சாக்லேட்டும் கொடுத்தோம். அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, என்எஸ்எஸ் முகாம், கல்ச்சுரல்ஸ் ஒத்திகை என்று வந்த சர்க்குலரையெல்லாம் அதில் தள்ளிவிட்டோம். அந்தப் பக்கமிருந்து "ஓகே அண்ணா", "ஓகே அக்கா". செப்டம்பரில் அந்த ஓகேயும் குறைந்தது. ஒருநாள் ஒரு நம்பர் குரூப்பைவிட்டு வெளியேறியது. ஏன் என்று கேட்க ஒரு போன் போதும். நம்மில் ஒருவரும் போடவில்லை.

செப்டம்பரில் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்க நாம் என்ன வெளியூரா? தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசு ஆர்டர் ஏறும். ஃபேக்டரி வேன் விடிந்தும் விடியாமலும் ஊருக்குள் வந்து நிற்கும். அம்மா கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் கழிய வேண்டும். போனஸும் தீபாவளிக்குத்தான். "இந்த ரெண்டு மாசம் மட்டும் வந்துட்டுப் போடா" என்று வீட்டில் சொன்னால், பதினெட்டு முடிந்த பிள்ளை எப்படி மறுக்கும்? அதே இரண்டு மாதத்தில்தான் இன்டர்னல் தேர்வு. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். ரொம்பக் குறைந்தால் ஹால் டிக்கெட்டே கிடைக்காது. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியருக்கு அவன் ஓர் ஆப்சென்ட், அவ்வளவுதான். அவன் எங்கே போயிருப்பான் என்று அட்டெண்டன்ஸைப் பார்த்ததும் சொல்லக்கூடியவர்கள் நாம். நம்மில் பலர் அதே வேனில் போய்வந்தவர்கள்.

அந்த வேலையின் ஆபத்தும் நமக்குப் புதிதில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதல்வர் அறிவித்தார். அதையாவது ஒரு முதலாண்டு மாணவரிடம் எடுத்துச் சொன்னோமா? அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஒருவருக்கு வரவில்லை என்றால், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வரிசையில் நின்று, அலைந்து நாம் கற்ற பாடம் இது. நமக்குப் பணம் ஏறியதும் அடுத்தவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அந்த இடத்தில் அண்ணனாக, அக்காவாக நாம் இருந்திருக்க வேண்டும். கூப்பிட மட்டும் அப்படிக் கூப்பிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது பெரிய திட்டமொன்றும் இல்லை. யார் வீட்டில் அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது என்பதை ஆகஸ்டிலேயே, பத்துப் பேர் முன்னால் கேட்டுக் கூச வைக்காமல், தனியாகப் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவரின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். சம்பாதித்தே தீர வேண்டியவருக்கு, பட்டாசை விட்டு, காலண்டர் பைண்டிங்கில் ஞாயிற்றுக்கிழமை வேலை விசாரித்துக் கொடுக்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்கு நோட்ஸ் வாங்கி வைக்க வேண்டும். இதில் எதற்கும் பிரின்சிபால் கையெழுத்து வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அதனால்தான், செய்யாமல் விட்டதற்கு வேறு யாரையும் கைகாட்ட நம்மால் முடியவில்லை.