மண்ணைக் காத்தால்தான் பெயர்

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கில் கஸ்கோனி என்று ஒரு சீமை உண்டு. அங்கே திராட்சை மதுவைக் காய்ச்சி ஒரு பிராந்தி வடிக்கிறார்கள். அதன் பெயர் அர்மன்யாக்.

மது நம் வீட்டுக்கு வேண்டாத பொருள். ஆனால், அந்த ஊரார் தங்கள் மண்ணைப் போற்றும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஒரே வகைத் திராட்சையானாலும், மேற்கே மணல் நிலத்தில் விளைந்தால் பிராந்தி மென்மையாக இருக்குமாம். நடுவே களியும் சுண்ணாம்பும் கலந்த நிலத்தில் விளைந்தால் காரம் மிகுமாம். பக்குவப்பட நெடுநாள் ஆகுமாம். மண் மாறினால் குணமும் மாறுகிறது! ஆகவே 1909-ல் அந்நாட்டு அரசு எல்லை வகுத்தது. எல்லைக்கு வெளியே காய்ச்சியதற்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் 1999-ல் வந்தது. ஊரின் பெயரை ஊராருக்கே உரிமையாக்கும் அந்த முத்திரைக்குப் 'புவிசார் குறியீடு' என்று பெயர். அதைப் பதியும் அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. மதுரை மல்லி 2013-ல் குறியீடு பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் பெற்றது. கம்பத்தின் மண்ணும், மலைக்காற்றும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் அந்தத் திராட்சைக்குச் சுவை தருகின்றன.

இனி நம் மீஞ்சூரைப் பார்ப்போம். நெல் விளைந்த பூமி இது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் இங்கிருந்து பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே புகுந்தது. பல கிணறுகள் உப்பாகிவிட்டன. பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் அளவு. அந்த ஆலை சென்னைக்குக் குடிநீர் தரும். மீஞ்சூர் வயலின் உப்பை எடுக்குமா?

பெயரைச் சட்டம் காக்கும். மண்ணை யார் காப்பது? அரசும் ஆலைகளும் நாமும்தான். ஏரிகளைத் தூர் வார வேண்டும். கொசத்தலையாற்றிலும் ஆரணியாற்றிலும் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு ஓர் அளவு வேண்டும்.

மண் கெட்டபின் பெயர் மட்டும் இருந்து என்ன பயன்?