பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சர்வர்

கியா பார்மில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் இணையம் படுத்துவிடும். ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கையின் பயிற்சித் தாள்கள் எல்லாம் இணையச் சேமிப்பில்தான் இருந்தன. எஸ்.பி.எம். நெருங்கும் நேரத்தில் கைப்பேசியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால், போன விடுமுறையில் பழைய ராஸ்பெரி பை 4 ஒன்றையும் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் இணைத்து வீட்டுக்கே ஒரு சர்வர் அமைத்தேன். இணையம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் தாள்கள் திறக்கும்.

பெட்டி வாங்கக் காசு செலவழிக்க மனமில்லை. தீபாவளி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். தகரம் வைஃபை அலையைத் தடுத்தது. சூடும் உள்ளேயே தங்கிவிட்டது. மலைக் குளிரில் காற்றோட்டம் எதற்கு என்று நினைத்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்! சில்லு 80 பாகை செல்சியஸை எட்டினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிறகு பலகையில் பெட்டி செய்தேன். கீழே ஒரு வரிசைத் துளை, மேலே ஒரு வரிசை. சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பூச்சி நுழையாமல் துளைகளுக்குக் கொசுவலை ஒட்டினேன். மின் அடாப்டர் பெட்டிக்கு வெளியே.

நண்பர்கள் சிரித்தார்கள். 1996இல் ஸ்டான்ஃபர்டில் லாரி பேஜும் செர்கே பிரினும் பத்து ஹார்ட் டிஸ்குகளை வைத்தது பிள்ளைகள் விளையாடும் கட்டைகளால் கட்டிய பெட்டியில்தான். கூகிள் அப்படித்தான் வளர்ந்தது.

பல்கலைக்கழகப் பாடத்தில் சர்வர் என்பது திரையில் ஒரு கட்டம். அது சுடும் என்பதை டின்னைத் தொட்டபோதுதான் உணர்ந்தேன். பள்ளிக் கணினிக் கழகங்கள் மாணவர்களிடம் ஒரு பழைய கணினியையும் நான்கு பலகைகளையும் கொடுத்துப் பார்க்கலாமே. ஒன்று மட்டும்: ஒரே டிஸ்க்கை நம்பாதீர்கள். தங்கையின் தாள்களுக்கு இன்னொரு நகல் என் பென்டிரைவில் இருக்கிறது.